பெயருக்குப் பின்னால் இரண்டு எழுத்துகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலை. மணி எட்டரை. புறநோயாளிகள் பிரிவு தொடங்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. என் கைப்பேசியில் ஓர் அமெரிக்க எண் ஒளிர்ந்தது. பேசியவர், பத்தாண்டுகளுக்கு மேலாக என்னிடம் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரின் மனைவி. மகனைப் பார்ப்பதற்காக இருவரும் மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்றிருந்தனர். அங்கே அப்போது இரவு பதினொரு மணி.

"டாக்டர், இவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம். ஹார்ட் அட்டாக்காம். உடனே ஆஞ்சியோ பண்ணி ஸ்டென்ட் வைக்கணுங்கிறாங்க. ஆனா வந்திருக்கிற டாக்டர் கோட்டுல, பேருக்குப் பின்னால டி.ஓ.ன்னு இருக்கு. எம்.டி. இல்லை. எனக்குக் கண்புரை எடுத்தவர் போர்டுலயும் டி.ஓ.ன்னுதான் போட்டிருந்துச்சு. கண் டாக்டர் எதுக்கு நெஞ்சுல கை வைக்கணும்? நம்ம டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாத்தான் கையெழுத்துப் போடுவேன்னு இவரும் சொல்றார்."

இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய் முற்றிலும் அடைபட்டுவிட்டால், நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்த 90 நிமிடங்களுக்குள் அதைத் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவ உலகம் வகுத்துக்கொண்ட இலக்கு. அந்த 90 நிமிடங்களில் எத்தனை கழிந்துவிட்டன என்று எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியை மகனிடம் கொடுக்கச் சொன்னேன். இரண்டே கேள்விகள் கேட்டேன். "அவர் இதய நோய்ச் சிறப்பு மருத்துவர்தானா? இன்றிரவு அந்தப் பிரிவின் பொறுப்பு அவருடையதுதானா?" இரண்டுக்கும் "ஆமாம்" என்று பதில் வந்தது. "அப்படியானால் அப்பாவை உடனே கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்றேன்.

நான் சொன்ன பதில் சரியானதுதான். ஆயினும் தொலைபேசியை வைத்த பின் என் மனம் அமைதி கொள்ளவில்லை. அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு முழுமையான விடை எனக்கே அன்று பாதிதான் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் டி.ஓ. என்றொரு பட்டம் உண்டு, அதைப் பெற்றவர்களும் மருத்துவர்களே என்ற அளவில்தான் என் அறிவு இருந்தது. அவர்களுடைய பயிற்சி எத்தகையது, எம்.டி. பெற்றவர்களின் பயிற்சியிலிருந்து அது எங்கே வேறுபடுகிறது என்பதைப் பின்னரே தேடிப் படித்தேன். பிள்ளைகள் அமெரிக்காவில் வாழும் குடும்பங்கள் நம் மருத்துவமனைக்கு நாள்தோறும் வருகின்றன. அவர்களுள் எவருக்கும் அத்தகைய இரவு மீண்டும் நேரலாம் என்பதால், நான் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

ஒரே எழுத்துகள், வெவ்வேறு பொருள்கள்

முதலில் அந்த அம்மாளின் ஐயம் நியாயமானது என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் டி.ஓ. என்பது கண் மருத்துவப் பட்டயப் படிப்பைக் குறித்துவந்தது. எம்.பி.பி.எஸ்., டி.ஓ. என்ற பலகையைக் கண் மருத்துவமனை வாசலில் பார்த்துப் பழகியவர்கள் நாம்.

அமெரிக்காவில் அதே எழுத்துகள் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டத்தைக் குறிக்கின்றன. கல்லூரியில் நான்கு ஆண்டு இளநிலைப் படிப்பு, அதன்மேல் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்பு முடித்துப் பெறும் பட்டம் அது. அதைப் பெற்றவர் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் மருந்து எழுதலாம். அறுவை சிகிச்சை செய்யலாம். எந்தத் துறையிலும் சிறப்பு மருத்துவர் ஆகலாம். இன்று அந்நாட்டில் மருத்துவம் பயிலும் மாணவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆஸ்டியோபதிக் கல்லூரியில் பயில்கிறார். வெள்ளை மாளிகையில் அதிபர்களுக்கு மருத்துவராக இருந்த ஷான் கான்லி, கெவின் ஓகானர் ஆகிய இருவரும் டி.ஓ. பட்டம் பெற்றவர்களே.

பிரிட்டனில் நிலைமை வேறு. அங்கே ஆஸ்டியோபத் எனப்படுபவர், 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே முறைப்படுத்தப்பட்ட, கைகளால் தசைகளுக்கும் மூட்டுகளுக்கும் சிகிச்சை தருபவர். அவர் மருத்துவர் அல்லர். அறுவை சிகிச்சை செய்பவரும் அல்லர். ஆகவே லண்டனில் உள்ள ஆஸ்டியோபத்தும் டெட்ராய்ட்டில் உள்ள டி.ஓ.வும் ஒருவரல்லர். எலும்பு முறிவைப் பார்க்கும் ஆர்த்தோ மருத்துவர் இவ்விருவரிலிருந்தும் வேறானவர்.

எம்.டி. என்ற எழுத்துகளிலும் இதே சிக்கல் உண்டு. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். முடித்து, மேலும் மூன்று ஆண்டுகள் ஒரு துறையில் பயின்றவரே எம்.டி. ஆகவே எம்.டி. என்றால் சிறப்பு மருத்துவர் என்று நாம் புரிந்துகொள்கிறோம். அமெரிக்காவில் எம்.டி. என்பது அடிப்படை மருத்துவப் பட்டம். நம்முடைய எம்.பி.பி.எஸ்.ஸுக்கு நிகரானது. டி.ஓ.வும் அதே நிலையில் உள்ள பட்டம்தான். இரண்டு பட்டங்களுமே ஒருவரைச் சிறப்பு மருத்துவர் ஆக்குவதில்லை. அதற்குப் பிறகு வரும் ரெசிடென்சி எனப்படும் உறைவிடப் பயிற்சிதான் ஆக்குகிறது. இந்தக் கட்டுரையின் மையக் கருத்து இதுவே.

பிரிவு எவ்வாறு தோன்றியது

ஆஸ்டியோபதியைத் தோற்றுவித்தவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற அமெரிக்க மருத்துவர். 1828இல் பிறந்தவர். 1864இல் மூளையுறைக் காய்ச்சலுக்குத் தம் பிள்ளைகள் மூவரைப் பறிகொடுத்தார். அந்நாளைய மருத்துவத்தில் இரத்தத்தை வெளியேற்றுவதும், பாதரசம் கலந்த கலோமல் போன்ற நஞ்சுகளை மருந்தாகக் கொடுப்பதும் வழக்கமாக இருந்தன. கையில் இருந்த மருந்துகளால் தம் குழந்தைகளைக்கூடக் காக்க முடியவில்லை என்ற துயரம் அவரை வேறு வழி தேடச் செய்தது. எலும்புக்கூடும் தசைகளும் சீராக இருந்தால் இரத்த ஓட்டம் சீராகும். உடல் தன்னைத் தானே குணப்படுத்திக்கொள்ளும் என்று அவர் கருதினார். 1874இல் தம் கொள்கையை அறிவித்தார். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் தொடங்கினார். கிரேக்க மொழியில் ஆஸ்டியோன் என்றால் எலும்பு. பெயர் அதிலிருந்து வந்தது.

அலோபதி என்ற சொல்லின் கதையும் சுவையானது. அதை உருவாக்கியவர் ஹோமியோபதியின் தந்தையான ஜெர்மானியர் சாமுவேல் ஹானிமன். தம் முறைக்கு மாறான மருத்துவத்தைச் சுட்டுவதற்காக அவர் வைத்த பெயர் அது, பாராட்டாக வைத்ததன்று. எதிர்த்தரப்பினர் சூட்டிய பெயரே இன்று நம் ஊரில் ஆங்கில மருத்துவத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

கைகளால் எலும்பையும் தசையையும் சீர்செய்வது என்றவுடன் நமக்குப் புத்தூர்க் கட்டு நினைவுக்கு வரலாம். ஸ்டில்லின் காலத்து மருத்துவர்களும் அவரை எலும்பு பொருத்துபவர் என்றே எள்ளினர். அவருடைய கொள்கைகளில் பலவற்றைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. கிருமிகளும் நுண்ணுயிர்க்கொல்லிகளும் தடுப்பூசிகளும் வந்த பின் ஆஸ்டியோபதிக் கல்லூரிகளே தம் பாடத்திட்டத்தை மாற்றிக்கொண்டன. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் தரத்தை ஆராய்ந்து 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் வெளியிட்ட அறிக்கை, ஆஸ்டியோபதிக் கல்லூரிகளையும் கடுமையாகக் குறைகூறியது. எஞ்சியவை ஆய்வகங்களையும் மருந்தியலையும் அறுவை சிகிச்சையையும் ஏற்றுக்கொண்டு வளர்ந்தன. கைச்சிகிச்சை மட்டும் கூடுதல் பாடமாக நிலைத்தது.

இரண்டு தண்டவாளங்கள்

கல்லூரிப் படிப்பு ஒன்றுபோல் ஆகிவந்த காலத்திலும், மருத்துவமனைகளின் கதவுகள் திறக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை எம்.டி. மருத்துவமனைகள் பலவற்றில் டி.ஓ. பெற்றவர்கள் நோயாளியைச் சேர்க்கவோ பயிற்சி பெறவோ இயலாது. ஆகவே அவர்கள் தமக்கெனத் தனி மருத்துவமனைகளைக் கட்டினர். மிச்சிகன், ஒஹாயோ, பென்சில்வேனியா போன்ற மாநிலங்களில் அவை மிகுதி. அங்கேயே தமக்கென உறைவிடப் பயிற்சிகளையும் ஏற்படுத்தினர்.

எழுத்துகளுக்கு எவ்வளவு எடை உண்டு, எவ்வளவு எடை இல்லை என்பதை 1962இல் கலிஃபோர்னியாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்று காட்டுகிறது. அம்மாநிலத்தின் இரு மருத்துவச் சங்கங்களும் இணைந்தபோது, டி.ஓ. பட்டம் பெற்ற சுமார் 2,000 பேர் 65 டாலர் கட்டணம் செலுத்தி எம்.டி. பட்டம் பெற்றுக்கொண்டனர். மீண்டும் நான்கு ஆண்டுகள் எவரும் கல்லூரிக்குச் செல்லவில்லை. நேற்று வரை செய்த அதே அறுவை சிகிச்சைகளை அதே கைகளால் மறுநாளும் செய்தனர். பெயர்ப்பலகை மட்டும் மாறியது.

1966இல் அமெரிக்க இராணுவம் டி.ஓ. மருத்துவர்களை ஏற்க முன்வந்தது. 1969இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அவர்களை உறுப்பினராகச் சேர்க்கத் தொடங்கியது. 1970களின் நடுப்பகுதிக்குள் எல்லா மாநிலங்களும் முழு உரிமை வழங்கின. அதன்பின் டி.ஓ. பெற்றவர்கள் எம்.டி. மருத்துவமனைகளின் பயிற்சிகளிலும் சேரலாயினர். ஆனாலும் பயிற்சிக்கு இரண்டு தனித்தனி அங்கீகார அமைப்புகள் நீடித்தன.

நம் ஊரில் மீட்டர்கேஜும் அகலப் பாதையும் அருகருகே ஓடிய காலத்தை மூத்தவர்கள் அறிவர். ஏறத்தாழ அதுபோன்ற நிலைதான் அங்கும். ஆஸ்டியோபதிப் பயிற்சிகளை அமெரிக்க ஆஸ்டியோபதிச் சங்கம் அங்கீகரித்தது. மற்றவற்றை ஏ.சி.ஜி.எம்.இ. எனப்படும் அமைப்பு அங்கீகரித்தது. முதல் வகைப் பயிற்சிகள் பெரும்பாலும் சிறிய, ஊர்ப்புற மருத்துவமனைகளில் இருந்தன. அங்கே முதலாண்டு முழுவதும் எல்லாத் துறைகளிலும் சுழன்று பணிபுரியும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். இறுதியில் செய்யும் கட்டாயச் சுழற்சிப் பயிற்சியைப் போன்றது அது. இரண்டாம் வகைப் பயிற்சிகளில் பெரிய பல்கலைக்கழக மருத்துவமனைகள் மிகுதி. அவற்றில் பெரும்பாலான துறைகளில் முதல் நாளிலிருந்தே தாம் தேர்ந்த துறையில் பணி.

பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறையும் இரண்டாக இருந்தது. மாணவர் தமக்கு விருப்பமான மருத்துவமனைகளை வரிசைப்படுத்துவார். மருத்துவமனைகள் மாணவர்களை வரிசைப்படுத்தும். கணினி இரண்டையும் ஒப்பிட்டு இணை சேர்க்கும். இதற்கு அங்கே மேட்ச் என்று பெயர். பொருத்தம் என்றே நாம் மொழிபெயர்க்கலாம். ஆஸ்டியோபதிப் பொருத்தம் பிப்ரவரியில் வெளியாகும். மற்றது மார்ச் மாதத்தில். முதலாவதில் இடம் கிடைத்துவிட்டால் இரண்டாவதில் பங்கேற்க முடியாது. டி.ஓ. மாணவர் இரண்டில் எதை நம்புவது என்று தவித்தார். எம்.டி. மாணவருக்கோ ஆஸ்டியோபதிப் பயிற்சியில் சேர வழியே இல்லை.

2020இல் ஒன்றான பாதை

2014 பிப்ரவரியில் இரு தரப்பு அமைப்புகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. 2015 ஜூலை முதல் 2020 ஜூன் வரையிலான ஐந்து ஆண்டுகளில், பயிற்சிகள் அனைத்தும் ஏ.சி.ஜி.எம்.இ. என்ற ஒரே அமைப்பின் அங்கீகாரத்தின்கீழ் வந்தன. 2020ஆம் ஆண்டு முதல் மார்ச் மாதப் பொருத்தமும் இரு தரப்பு மாணவர்களுக்கும் பொதுவானது.

இதன் பொருள் எளியது. இன்று அமெரிக்காவில் பொது மருத்துவப் பயிற்சி என்றால் அது மூன்று ஆண்டுகள், டி.ஓ.வுக்கும் அதே மூன்று ஆண்டுகள்தான். குழந்தை மருத்துவமும் குடும்ப மருத்துவமும் மூன்று ஆண்டுகள். மகப்பேறு மருத்துவம் நான்கு. பொது அறுவை சிகிச்சை குறைந்தது ஐந்து. மூளை நரம்பு அறுவை சிகிச்சை ஏழு. வாரத்துக்குச் சராசரி 80 மணி நேரத்துக்கு மேல் பணிபுரியக் கூடாது என்ற வரம்பும், மேற்பார்வை விதிகளும் அனைவருக்கும் ஒன்றே. ஒரே வார்டில், ஒரே இரவுப் பணியில், ஒரு எம்.டி.யும் ஒரு டி.ஓ.வும் சென்னையிலோ மதுரையிலோ எம்.பி.பி.எஸ். முடித்துச் சென்ற நம் ஊர்ப் பிள்ளை ஒருவரும் அருகருகே நிற்பது அங்கே அன்றாடக் காட்சி.

இணைப்புக்கு விலையும் இருந்தது. புதிய விதிகளை நிறைவேற்ற இயலாத சிறிய ஆஸ்டியோபதிப் பயிற்சிகள் சில மூடப்பட்டன. அவற்றுள் சில, மருத்துவர்கள் குறைவாக உள்ள ஊர்களில் இருந்தவை. தரம் ஒன்றாக்கப்படும்போது தூரத்து ஊர்கள் இழப்பைச் சந்திப்பதை நாமும் அறிவோம்.

இன்னும் எஞ்சியிருக்கும் வேறுபாடுகள்

எல்லாம் ஒன்றாகிவிட்டது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. கல்லூரிக் காலத்தில் டி.ஓ. மாணவர்கள் கைச்சிகிச்சையில் ஏறத்தாழ 200 மணி நேரம் கூடுதலாகப் பயில்கின்றனர். அவர்களுக்கெனக் காம்லெக்ஸ் என்ற தனித் தகுதித் தேர்வு உண்டு. எம்.டி. மாணவர்கள் எழுதுவது யு.எஸ்.எம்.எல்.இ. என்ற தேர்வு. போட்டி மிகுந்த துறைகளை நாடும் டி.ஓ. மாணவர்கள் பலர் இரண்டு தேர்வுகளையும் எழுதுகின்றனர். தோல் மருத்துவம், மூளை நரம்பு அறுவை சிகிச்சை போன்ற துறைகளில் அவர்களுக்கு இடம் கிடைப்பது இன்றும் கடினம். டி.ஓ. மருத்துவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் குடும்ப மருத்துவம், பொது மருத்துவம், குழந்தை மருத்துவம் ஆகிய அடிப்படைத் துறைகளில் பணிபுரிகின்றனர். ஆகவே அமெரிக்காவில் நம் பெற்றோர் முதலில் சந்திக்கும் மருத்துவர் டி.ஓ.வாக இருக்கும் வாய்ப்பு மிகுதி.

பயிற்சித் திட்டங்கள் சில, ஆஸ்டியோபதி அங்கீகாரம் என்ற கூடுதல் தகுதியைப் பெற்றுள்ளன. அங்கே பொதுப் பயிற்சியோடு கைச்சிகிச்சையும் தொடர்ந்து கற்பிக்கப்படுகிறது. உரிய முன்தயாரிப்பு இருந்தால் எம்.டி. பெற்றவரும் அதில் சேரலாம். எனினும் பயிற்சி முடித்த டி.ஓ. மருத்துவர்களில் பலர் கைச்சிகிச்சையை அரிதாகவே பயன்படுத்துகின்றனர்.

சிறப்பு மருத்துவர் உருவாகும் இடம்

ரெசிடென்சி என்ற சொல்லுக்கு உறைந்திருத்தல் என்று பொருள். 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஆஸ்லர் போன்றோர் இம்முறையை நிலைநிறுத்தினர். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, நோயாளியின் அருகிலேயே கற்றனர். முதலாண்டில் எல்லாவற்றுக்கும் மூத்தவரின் ஒப்புதல் வேண்டும். ஆண்டு செல்லச் செல்லப் பொறுப்பு கூடும். இறுதியாண்டில் அவரே இளையவர்களுக்கு வழிகாட்டுவார். புத்தகத்தில் படித்தது கைக்குள் இறங்குவது இந்த ஆண்டுகளில்தான்.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். நான் முதலாண்டு முதுநிலை மாணவனாக இருந்தபோது, ஓர் இரவு மூச்சுத்திணறலோடு முதியவர் ஒருவரைக் கொண்டுவந்தனர். மார்பில் இழுப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்துமா என்று முடிவு செய்து அதற்குரிய மருந்தை எழுதிக்கொண்டிருந்தேன். பணியிலிருந்த உதவிப் பேராசிரியர் வந்தார். எதுவும் சொல்லாமல் என் கையைப் பிடித்து முதியவரின் கணுக்காலில் வைத்து அழுத்தச் செய்தார். விரல் பதிந்த இடம் குழியாக நின்றது. பிறகு கழுத்தில் புடைத்திருந்த நரம்பைக் காட்டினார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. பழுது இதயத்தில் இருந்தது. அரை மணி நேரத்தில் அந்த முதியவர் இயல்பாக மூச்சுவிட்டார். அதற்கு முன் இதயச் செயலிழப்பைப் பற்றி நான் எத்தனையோ பக்கங்கள் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். அதை அறிந்துகொண்டது அந்த இரவில்தான்.

மிச்சிகனில் அந்த இரவு சிகிச்சை அளித்த மருத்துவரும் இத்தகைய இரவுகளைக் கடந்தே வந்திருப்பார். பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டுகள் பொது மருத்துவம். பிறகு மூன்று ஆண்டுகள் இதய மருத்துவம். இரத்தக்குழாய்க்குள் கம்பி செலுத்தி அடைப்பு நீக்கும் பயிற்சி மேலும் ஓராண்டு. ஏழு ஆண்டுகள். அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றி அவருடைய கோட்டில் இருந்த இரண்டு எழுத்துகள் எதையும் சொல்லவில்லை.

நோயாளிக்கு நேரும் விளைவு

பயிற்சி ஒன்றே என்றால் விளைவும் ஒன்றாக இருக்க வேண்டும் அல்லவா? 2023இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. மெடிகேர் அரசுக் காப்பீடு பெற்ற முதியவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். சேர்ந்த 30 நாள்களுக்குள் இறந்தோர் விகிதம், எம்.டி. மருத்துவர்களின் நோயாளிகளில் 9.4 விழுக்காடு, டி.ஓ. மருத்துவர்களின் நோயாளிகளில் 9.5 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே பொருள். மீண்டும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் விகிதமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

கைச்சிகிச்சையைப் பற்றியும் ஒரு சொல். 1999இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், முதுகுவலி உள்ள 178 பேர் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொன்றுக்கு ஆஸ்டியோபதிக் கைச்சிகிச்சை. 12 வாரங்களில் இரு குழுவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறினர். கைச்சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி மருந்து குறைவாகவே தேவைப்பட்டது. சிறிய பயன்தான், ஆனால் உண்மையான பயன்.

இதைப் படித்துவிட்டு, முதுகைச் சொடுக்கெடுப்பவர் எவரிடமும் சென்றுவிட வேண்டாம். முதுகுவலியோடு காய்ச்சல், காரணமற்ற உடல் மெலிவு, கால் தளர்ச்சி, சிறுநீர் அல்லது மலத்தை அடக்க இயலாமை, முன்பு புற்றுநோய் இருந்த வரலாறு ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கழுத்தை வேகமாகத் திருப்புவதால் அரிதாக இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்வதுண்டு. எலும்பு மெலிவு நோய் உள்ள முதியவர்களுக்கு எலும்பே முறியலாம். அமெரிக்காவில் டி.ஓ. ஒருவர் இதைச் செய்யும்போது, செய்யக் கூடாத நோயாளி யார் என்பதையும் அறிந்தே செய்கிறார். அந்த அறிவைத் தருவதும் பயிற்சியே.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஆகஸ்டு மாதத்தில் கணவனும் மனைவியும் ஊர் திரும்பி என்னிடம் வந்தனர். மருத்துவமனை தந்த சுருக்க அறிக்கையை மேசைமேல் வைத்தனர். ஸ்டென்ட் நன்றாகப் பொருத்தப்பட்டிருந்தது. உள்ளே நுழைந்த நேரமும் குழாய் திறந்த நேரமும் குறிக்கப்பட்டிருந்தன. இடையே 81 நிமிடங்கள். இலக்குக்கு உட்பட்டதுதான். ஆனால் கையெழுத்துக்காகக் காத்திருந்த நேரம் ஏறத்தாழ 20 நிமிடங்கள் என்று மகன் பின்னர் என்னிடம் சொன்னார். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் முன்சுவர் சற்றே தளர்ந்திருந்தது. அந்த 20 நிமிடங்கள் மிச்சமாகியிருந்தால் அது தளராமல் இருந்திருக்குமா என்பதை எவராலும் சொல்ல இயலாது. ஆகவே அதைப் பற்றி நான் அவர்களிடம் பேசவில்லை.

"அப்போ அவர் கண் டாக்டர் இல்லையா?" என்று அந்த அம்மாள் சற்றே நாணத்தோடு கேட்டார். "இல்லைம்மா. நீங்கள் கேட்டது தவறில்லை. கேட்க வேண்டிய கேள்வி மட்டும் வேறு" என்று சொல்லி, ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக் கொடுத்தேன். கடவுச்சீட்டோடு சேர்த்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்த வரிகள் இவை:

இவர் எந்தத் துறையில் உறைவிடப் பயிற்சி முடித்தவர்?

அத்துறையின் வாரியச் சான்றிதழ் பெற்றவரா? அமெரிக்காவில் இச்சான்றிதழ் வழங்கும் வாரியங்கள் இரு தரப்பிலும் உண்டு, இரண்டுமே ஏற்கத்தக்கவை.

எனக்குச் செய்யப்போகும் சிகிச்சையை இவர் வழக்கமாகச் செய்பவரா?

இது நெருக்கடியா, யோசிக்க நேரம் உள்ளதா? நெருக்கடி என்றால், பணியிலுள்ள சிறப்பு மருத்துவரின் சொல்லை ஏற்று முதலில் சிகிச்சையைத் தொடங்க விடுங்கள். ஐயங்களைப் பிறகு கேளுங்கள்.

நம் ஊரிலும் இக்கேள்விகள் பொருந்தும். ஆஸ்டியோபதி என்ற பெயரில் இங்கே எவரேனும் சிகிச்சை அளித்தால், அவர் மருத்துவ கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு எண்ணைக் கேட்பது நோயாளியின் உரிமை. அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

இறுதியாக, நம் வார்டுகளில் நான் அடிக்கடி கேட்கும் ஒரு வாக்கியம்: "பயிற்சி டாக்டர் வேண்டாம், பெரிய டாக்டரை வரச் சொல்லுங்க." உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. பெரிய மருத்துவரிடம் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு எப்போதும் உண்டு. ஆனால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் தந்தையின் நாடியைப் பிடித்துப் பார்க்கும் அந்த இளம் மருத்துவர் தனித்து நிற்கவில்லை. அவருக்குப் பின்னால் மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அழைத்தால் வருவார். அன்றொரு நாள் என் கையைப் பிடித்து ஒரு முதியவரின் கணுக்காலில் வைத்தவரைப் போன்ற ஒருவர்.